ஹெட் ஒர்க்ஸ் பரிமளா

விராலிமலையில் மதுரை போகும் பக்கத்து சர்வீஸ் ரோட்டில், ஒரு டயர் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்தப் பட்டறை. லாரியோ டிராக்டரோ அறுவடை வண்டியோ, எதுவானாலும் இன்ஜினின் மேல்பாகத்தை மட்டும் கழற்றி இங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். அதற்குப் பெயர் ஹெட். வால்வுகள் இருக்கும் இடம் அதுதான். பட்டறை ஆத்மநாதனுடையது. ஆனால் லோடு ஆட்டோக்காரர்களிடம் வழி கேட்டால், "பரிமளாக்கா பட்டறையா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

பரிமளா ஆத்மநாதனின் மனைவி. ஐம்பதை ஒட்டிய வயது. சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்பாள். அரிமளத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். புதிதில் மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவதோடு சரி. உதவிக்கு இருந்த ஆண்டிச்சாமி கத்தாருக்குப் போனபோது, வேறு ஆள் கிடைக்கிறவரைக்கும் என்று வந்து நின்றாள். வந்த ஆட்கள் யாரும் தங்கவில்லை. கை கழுவினாலும் போகாத டீசல் வாடைக்குப் பயந்து பக்கத்துக் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். மகன் பிரவீன்குமார் படித்து முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போனதெல்லாம் அவள் பட்டறையில் நின்றபடியே நடந்த காரியங்கள்.

முதலில் பாகங்களைக் கழுவினாள். பிறகு வால்வுகளைத் தேய்த்தாள். கடைசியில் ஸ்பிரிங் மாட்டுவது அவள் வேலையாயிற்று. இன்ஜினுக்குள் காற்று வருவதற்கும் புகை போவதற்கும் கதவு மாதிரி இருப்பது வால்வு. அதைத் திறக்க மேலேயிருந்து ஓர் இரும்பு வந்து தட்டும். திரும்ப மூடுவதற்கு ஸ்பிரிங்கை விட்டால் வேறு ஆள் கிடையாது. அந்த ஸ்பிரிங்கை லிஃப்டர் என்ற கவ்வியால் அமுக்கிப் பிடித்து, வால்வின் வாலில் இருக்கும் பள்ளத்தில் பாதி மோதிரம் போன்ற இரண்டு லாக்குகளை உட்காரவைத்து, மெல்ல விடவேண்டும். ஆத்மநாதன் அமுக்குவார். பரிமளா விரல் நுனியில் கிரீஸ் தொட்டு, லாக்கை அதில் ஒட்டவைத்து உள்ளே செலுத்துவாள். சரியாக உட்காராமல் விட்டால் ஸ்பிரிங்கின் மேலே இருக்கும் தட்டு எகிறும். ஒருமுறை எகிறிக் கூரை ஷீட்டில் ஓட்டை போட்டது. மேலே நின்ற மயில் பதறிப்போய் டயர் கடைக்குள் இறங்கிவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

இந்த வேலையில் முக்கியம் ஸ்பிரிங் நிற்கும் உயரம். வால்வு உட்காரும் சீட் தேய்ந்திருந்தால் அதை வெட்டிச் சமப்படுத்துவார்கள். அப்போது வால்வு கொஞ்சம் உள்ளே இறங்கிவிடும். அதன் வால் மறுபக்கம் அந்த அளவுக்கு மேலே எழும்பும். ஸ்பிரிங்குக்கு இடம் கூடிப்போய் அது தளர்ந்து நிற்கும். அதற்காக ஸ்பிரிங்குக்கு அடியில் மெல்லிய வாஷர் வைப்பார்கள். ஒன்று வைக்கலாம், சில சமயம் இரண்டு. அதற்கு மேல் போனால், வால்வு முழுதும் திறக்கிற நேரத்தில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, ஸ்பிரிங் கட்டைபோல ஆகிவிடும். அப்புறம் உள்ளே ஏதாவது ஒன்று உடையத்தான் வேண்டும்.

பரிமளாவின் தம்பி வீரய்யாவுக்கு நடந்தது அதுதான்.

வீரய்யா அரிமளத்தில் இருக்கிறான். விவசாயத்தை நம்பிப் பிரயோசனமில்லை என்று நிலத்தில் ஒரு பகுதியை விற்று, பழைய அறுவடை வண்டி ஒன்றை வாங்கினான். முதல் வருஷம் நன்றாக ஓடியது. இரண்டாம் வருஷம் தை மாத அறுப்பின் நடுவில் இன்ஜின் இழுக்காமல் கரும்புகை தள்ள, ஹெட்டைக் கழற்றி அக்கா வீட்டுக்காரரிடம் கொண்டுவந்தான். சீட்டெல்லாம் வெட்டி முடிந்தபின் ஸ்பிரிங்குகளைக் கண்ணாடிப் பலகையில் நிறுத்தி மூலைமட்டத்தை ஒட்டவைத்துப் பார்த்தார் ஆத்மநாதன். எல்லாம் குள்ளமாகிச் சாய்ந்து நின்றன.

"புதுசுதான் போடணும் மாப்ள. இது படுத்துருச்சு."

"திருச்சியில சரக்கு இல்லேங்குறான் மச்சான். வர்றதுக்கு ஒரு வாரம் ஆவுமாம். வயக்காட்டுல ஆளுக காத்துக் கெடக்காக. இந்த அறுப்ப மட்டும் ஓட்டிக்கிறேன். முடிஞ்சதும் கழட்டி மாத்திருவோம்."

ஆத்மநாதன் யோசித்தார். பழைய ஸ்பிரிங்குகளுக்கு அடியில் மூன்று மூன்று வாஷராக எடுத்து வைத்தார்.

"மூணு வேணாங்க. சுருளு முட்டும்" என்றாள் பரிமளா. வீரய்யா அப்போது வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"வலு இல்லாத ஸ்பிரிங்கு. மூணு வச்சாத்தான் ஒழுங்கா மூடும். கொஞ்ச நாளு ஓட்டப் போறான், அவ்வளவுதான். நீ லாக்க எடு."

அவர் அமுக்கினார். அவள் லாக் வைத்தாள்.

வண்டி வயலில் இறங்கி அந்த வாரம்கூட முடியவில்லை. பாதி அறுத்த வயலின் நடுவில் படபடவென்று சத்தம் கேட்டது. வீரய்யா இன்ஜினை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே தட்டுகிற கம்பி வளைந்து, லாக் கழன்று, வால்வு பிஸ்டன்மேல் விழுந்து இரண்டும் நொறுங்கிப்போயிருந்தன. அந்த அறுப்பு போயிற்று. அடுத்த அறுப்புவரை தாங்க அவனிடம் வசதி இல்லை. வண்டியை நின்ற இடத்திலேயே விற்றான்.

விற்றபிறகு ஒரு நாள் பட்டறைக்கு வந்தான். சண்டை போடவில்லை. விட்டுப்போன ஸ்பேனர் செட்டை எடுத்துக்கொண்டான். "சரி மச்சான், வாரேன்" என்றான். அக்காவைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை.

பரிமளா அதையும் பொறுத்துக்கொண்டாள். கோபம் ஆறட்டும் என்று இருந்தாள். மறுவருஷம் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும்போது அரிமளத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீரய்யாவின் மகள் இளமதி பெரியமனுஷி ஆகி, போன முகூர்த்தத்தில்தான் மண்டபத்தில் வைத்துச் சடங்கு செய்தார்களாம்.

"அத்தக்காரி நீங்கதான தண்ணி ஊத்தணும். ஏன் நீங்க வரல? ஒடம்பு சரியில்லேன்னு சொன்னாக" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா. காச்ச" என்றாள் பரிமளா.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பட்டறைக்கு வந்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஹெட்டுக்கு முன்னால் நின்றாள். ஆத்மநாதன் லிஃப்டரைப் பிடித்துக்கொண்டு, "அமுக்கட்டுமா?" என்றார். "ம்" என்றாள். பஸ்ஸில் கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஓர் அசதி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அவருக்கு வேறு யார் மூலமோ பிறகு தெரிந்தது. அவரும் பேச்செடுக்கவில்லை.

அதிலிருந்து அவள் பேசுவதை நிறுத்தினாள் என்று சொல்ல முடியாது. பட்டறைக்கு வேண்டியதைப் பேசினாள். அமுக்குங்க, விடுங்க, வாஷர் ஒண்ணு, டீசல் தீந்துபோச்சு. வீட்டில் சோறு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள். மகன் போன் செய்தால் இருவரும் தனித்தனியே பேசினார்கள். காலையில் ஒன்றாக நடந்து வந்து, சாயங்காலம் ஒன்றாக நடந்து போனார்கள். நடுவில் ஓர் ஆள் புகுந்து போகிற இடைவெளி இருந்தது. நாள் முழுக்க ஒரே ஹெட்டின் இரு பக்கமும் நின்று, அவர் அமுக்க இவள் லாக் வைத்தாள். வருஷங்கள் அப்படிப் போயின.

அவளுடைய வலது கையில் பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தது இந்த வருஷம்தான். விடியும் நேரத்தில் கை முழுக்க எறும்பு ஊர்வதுபோல இருக்கும். உதறிக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பாள். பட்டறையில் லாக் விரலில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தெரியாமல் குனிந்து பார்த்துக்கொள்வாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் போக வேண்டும். டாக்டர் வேலையை விடச் சொல்வார். விட்டால் அந்த இடத்தில் யார் நிற்பது?

மாசி பிறந்த சமயம், ஒரு காலையில் லோடு ஆட்டோ ஒன்று பட்டறை முன்னால் நின்றது. பின்னால் சாக்கில் சுற்றிய ஹெட். முன்னால் டிரைவர் பக்கத்திலிருந்து இறங்கினவன் வீரய்யா.

இளைத்திருந்தான். தாடி நரைத்திருந்தது. குளத்தூர்ப் பக்கம் ஒருவருடைய அறுவடை வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறான் என்று பரிமளா கேள்விப்பட்டிருந்தாள். அவன் மச்சானைப் பார்க்காமல் அவளிடம் சொன்னான்.

"மொதலாளி இங்கிட்டுத்தான் கொண்டுபோவச் சொன்னாரு. நான் வேற பட்டறை சொல்லிப் பாத்தேன். அவரு கேக்கல."

"எறக்கு" என்றாள் பரிமளா.

ஆத்மநாதனும் ஆட்டோக்காரருமாக ஹெட்டை மேசைமேல் ஏற்றினார்கள். வீரய்யா உள்ளே வராமல், டயர் கடையின் வெளியே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துகொண்டான். பரிமளா டீ வாங்கிவந்து கொடுத்தாள். குடித்தான்.

கழற்றி, கழுவி, சீட் வெட்டி, வால்வுகளைத் தேய்த்து முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. ஆத்மநாதன் ஸ்பிரிங்குகளைக் கண்ணாடிப் பலகையில் நிறுத்தினார். மூலைமட்டத்தை வைத்தார். பரிமளா எட்டிப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்ததுபோலவே இருந்தன: குட்டையாக, ஒரு பக்கம் சாய்ந்து. வெளியே உட்கார்ந்திருந்த வீரய்யாவும் எழுந்து வாசல்வரை வந்து பார்த்தான்.

"ஸ்பிரிங்கு மாத்தணும்" என்றார் ஆத்மநாதன், பொதுவாக.

வீரய்யா முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "பழசையே போட்டுத் தரச் சொல்லுப்பா" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "மானம் மழைக்கு மூடிட்டு நிக்குது. நெல்லு படுத்துருச்சுன்னா யாரு பதில் சொல்றது? அடியில ஏதாச்சும் குடுத்துத் தூக்கிவிடச் சொல்லு. இந்த அறுப்பு ஓடுனாப் போதும்."

ஆத்மநாதன் போனுக்குப் பக்கத்தில் வந்தார். "ஐயா, ஸ்பிரிங்கு மாத்தாம நான் மூடமாட்டேன். அவசரம்னா இப்படியே வேற எடத்துக்குக் கொண்டுபோயிருங்க. வேலை பாத்ததுக்கு ஒண்ணும் குடுக்க வேணாம்."

முதலாளி மழையைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். பிறகு, "சரி, வாங்கிப் போடுங்க" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

வீரய்யா போனைச் சட்டைப் பையில் போட்டான். அன்றைக்கு முதல்முறையாக மச்சானின் முகத்தைப் பார்த்தான்.

"இத அன்னைக்கிச் சொல்லியிருக்கலாம்ல மச்சான்."

ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஆத்மநாதன் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"சொல்லியிருக்கணும்" என்றார். "நீ கெஞ்சுன. ஒன் மொகத்தப் பாத்து முடியாதுன்னு சொல்ல வாய் வரல. ஒங்கக்கா அப்பவே சொன்னா, மூணு வாஷரு வேணாம், முட்டும்னு. நாந்தான் கேக்கல."

வீரய்யா அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் சொன்னது அவனுக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக அவளும் சேர்ந்துதான் செய்தாள் என்று எண்ணிக்கொண்டிருந்தவன். பரிமளா ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய சாமான் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. தன்னைப் பற்றி அவர் பேசிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்றுதான் அவளுக்கு ஓடியது. சந்தோஷமென்று ஒன்றும் வரவில்லை. கால் வலித்தது. உட்கார வேண்டும்போல இருந்தது.

"திருச்சிக்குப் போயி வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வீரய்யா ரோட்டைக் கடந்து பஸ்ஸுக்கு நின்றான்.

அவன் திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஆத்மநாதன் அதற்குள் ஒவ்வொரு வால்வாக உள்ளே விட்டு, தட்டையும் லாக்கையும் வெறுமனே பொருத்தி, ஸ்பிரிங் நிற்க வேண்டிய உயரத்தை அளந்து, ஹெட்டின் மேலேயே சாக்பீஸால் குறித்து வைத்திருந்தார். சில இடத்துக்கு வாஷரே வேண்டாம். சில இடத்துக்கு ஒன்று. புது ஸ்பிரிங்குகள் பளபளவென்று நேராக நின்றன. அவற்றையும் விடாமல் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார்.

மாட்ட ஆரம்பித்தார்கள். அவர் அமுக்கினார். பரிமளா லாக்கை எடுத்தாள். முதல் வால்வு உட்கார்ந்தது. அடுத்ததில் லாக் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து தேடி எடுத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. ஆத்மநாதன் லிஃப்டரை அமுக்கியபடியே நின்றார்.

"என்னக்கா?" என்றான் வீரய்யா.

"ஒண்ணுமில்ல. வெரலு மரத்துப் போவுது."

"எத்தன நாளா?"

அவள் விழுந்த லாக்கை எடுத்துக் கிரீஸ் டப்பா பக்கத்தில் வைத்தாள். ஆத்மநாதன் லிஃப்டரை மெல்ல விட்டார். அவள் கையைப் பார்த்தார்.

வீரய்யா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தான். "நீ ஒக்காருக்கா" என்றான். கிரீஸ் டப்பாவில் விரலை விட்டு, அவள் நின்ற இடத்தில் போய் நின்றான். "அமுக்குங்க மச்சான்."

அவனுக்கு அந்த வேலை பழக்கமில்லை. பள்ளத்தில் லாக்கை நேராகவே கொண்டுபோக முடியவில்லை. ஆத்மநாதன் பொறுமையாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "கீழ, இன்னும் கீழ. ம். இப்ப மறுபாதி." அவ்வளவுதான் பேச்சு. ஒவ்வொன்று முடிந்ததும் தட்டின் தலையில் மரச் சுத்தியால் லேசாக ஒரு தட்டு. லாக் உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகு அடுத்தது. எல்லாம் மாட்டியானதும், வால்வை முழுக்கத் திறக்கிற அளவுக்கு ஒவ்வொன்றாக அமுக்கி, சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் இடைவெளி பார்க்கும் மெல்லிய தகட்டை வீரய்யாவிடம் கொடுத்தார்.

"நீயே விட்டுப் பாரு."

வீரய்யா தகட்டை விட்டான். தாராளமாகப் போனது. அடுத்ததில் விட்டான். ஒன்றையும் விட்டுவிடாமல் எல்லாவற்றிலும் விட்டுப் பார்த்தான். ஆத்மநாதன் அவசரப்படுத்தவில்லை.

பரிமளா எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் மற்றவர்கள் வேலை பார்க்க, தான் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. தம்பியின் பிடரியும் கணவரின் பிடரியும் ஒரே மாதிரி கறுத்து, வேர்த்து, குனிந்திருந்தன. யாரை எதற்குக் கோபித்துக்கொள்வது என்று பழைய கணக்கைத் தேடினாள். கோபம் அங்கேதான் இருந்தது. அதைத் தூக்கிச் சுமக்கத்தான் தெம்பில்லை.

ஹெட்டை மறுபடி சாக்கில் சுற்றி, வரச்சொல்லியிருந்த ஆட்டோவில் ஏற்றினார்கள்.

"வீட்டுக்கு வந்து ஒருவா சாப்புட்டுப் போ" என்றாள்.

"இல்லக்கா. இதக் கொண்டுபோயி மாட்டணும். விடிஞ்சா வயல்ல எறங்கணும்." ஆட்டோவில் ஒரு காலை வைத்தவன், "டாக்டர்கிட்டக் கையக் காட்டு மொதல்ல" என்றான். கிளம்பிவிட்டான்.

ஆத்மநாதன் ஷட்டரை இறக்கினார். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார் பாதி வழியில்.

"வலி இல்ல. மரமாட்டம் கெடக்கு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்க கேப்பீகளா?"

பதிலை எதிர்பார்த்து அவள் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரமே பட்டறையைப் பூட்டிவிட்டு அவளைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனார். மணிக்கட்டில் நரம்பு நெருக்குகிறது, சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். செய்துகொண்டாள். தையல் பிரித்தும் உடனே வேலைக்கு வரக் கூடாது என்றார்கள். ஆத்மநாதன் மேசைமேல் பொருத்தி ஒருவரே அமுக்கி லாக் வைக்கிற மாதிரி ஒரு லிஃப்டர் வாங்கினார். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. கொண்டுவருகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருக்கிறார்கள்.

அறுப்பு முடிந்து வீரய்யா போன் செய்தான். வண்டி நிற்காமல் ஓடியது என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஒரு நாளு வந்துட்டுப் போக்கா" என்றான். மச்சானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நீங்களும் வாங்க" என்றாள் பரிமளா கணவரிடம்.

"நீ போயிட்டு வா. என்னையச் சேத்துக் கூப்புடட்டும், அப்ப வாரேன்." கோபமாகச் சொல்லவில்லை. பழக்கடையில் அவரே ஒரு பை நிறையப் பழம் வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்.

அரிமளத்தில் தம்பி வீட்டு வாசலில் நின்றது அடையாளம் தெரியாத உயரத்தில் ஒரு பெண். "அத்த, வாங்க" என்று பையை வாங்கிக்கொண்டாள். இளமதி. பிளஸ் ஒன் படிக்கிறாளாம். தண்ணீர் ஊற்ற வராத அத்தையைப் பற்றி அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று முகத்திலிருந்து தெரியவில்லை. கட்டுப்போட்ட கையைப் பார்த்து, "வலிக்குதா அத்த?" என்றாள். மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். பரிமளா அவளுக்கென்று கொண்டுவந்த சேலையைக் கொடுத்தாள். காலம் தப்பிய முறை அது; இருவருக்குமே தெரிந்தது. இளமதி மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

வீரய்யாவின் மனைவி புவனேஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "செத்த படுங்க மதினி. கொழம்பு கொதிக்குது, எறக்கிட்டுச் சோறு போடுறேன்" என்றாள். கூடத்தில் பாய் விரித்திருந்தது. பரிமளா சும்மா சாய்ந்தாள். அடுப்படியில் கரண்டி உரசும் சத்தமும், வெளியே தம்பி யாரிடமோ போனில் பேசுவதும் கேட்டுக்கொண்டிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக அவை தூரமாகப் போயின.

சாப்பாடு தயாரானதும் புவனேஸ்வரி இலையோடு வந்தாள். பரிமளா வாய் லேசாகத் திறந்தபடி, கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பப் போன இளமதியைப் புவனேஸ்வரி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தூங்கட்டும். எந்திரிக்கையில போட்டுக்கலாம்."